சாப்பாட்டுக் கூடத்தில் பீங்கானும் கண்ணாடியும்: செட்டிநாட்டு வீடுகள் தரும் பாடம்

சமயநல்லூரிலிருந்து மதுரைக்கு வரும் திண்டுக்கல் சாலையை ஒட்டி இன்று எழும் வீடுகளின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால், அதில் ‘டைனிங் ஹால்’ என்று ஓர் இடம் தவறாமல் குறிக்கப்பட்டிருக்கும். சமையலறையை ஒட்டிப் பத்துக்குப் பன்னிரண்டு அடி, நடுவில் ஆறு பேர் அமரும் மேசை, ஒரு சுவரில் கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸ். அந்த ஷோகேஸில் எதை வைப்பது என்ற கேள்விக்குப் பலரும் இன்று கண்டுபிடித்திருக்கும் விடை, பழைய பீங்கானும் பழைய கண்ணாடியும். காரைக்குடிவரை போய் வாங்கி வருகிறார்கள். பரணில் கிடந்த பாட்டி காலத்துச் சாடியை இறக்கித் துடைத்து வைக்கிறார்கள்.

நல்ல விருப்பம் இது. ஆனால் அதற்கு முன்மாதிரியாகப் பெரும்பாலும் நம் கண்முன் வந்து நிற்பது ஐரோப்பியச் சாப்பாட்டு அறை: வெள்ளை மேசை விரிப்பு, தட்டின்மேல் தட்டு, ஒவ்வொரு பானத்துக்கும் தனித்தனிக் கோப்பை. தமிழ் வீட்டுக்குள் இந்தப் பொருள்கள் வந்த வழி வேறு. அவை இருந்த இடம் வேறு. செய்த வேலையும் வேறு. அதை அறியப் படத்தொகுப்புகளைப் புரட்ட வேண்டியதில்லை. மதுரையிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் செட்டிநாட்டு ஊர்கள் இருக்கின்றன. நம் முன்னோர் கண்ணாடியை வெளிச்சத்துக்காகவும் பீங்கானை இருப்புக்காகவும் வைத்தார்கள். அழகு அந்த வேலையிலிருந்து பிறந்தது என்பதை அந்த வீடுகள் இன்றும் காட்டி நிற்கின்றன. சாப்பாட்டுக் கூடத்தைப் பழம்பொருளால் அலங்கரிக்க விரும்புகிறவருக்கு அதைவிட நல்ல விதி கிடையாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கடல் தந்த சரக்கு

தமிழகத்துக்குப் பீங்கானைக் கொண்டுவந்தது ஆங்கிலேயர் அல்லர். இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் உள்ள பெரியபட்டினத்தில் 1980-களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழாய்வு நடத்தியது. அங்கே சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபுரு கராஷிமா தென்னிந்தியக் கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் இத்தகைய ஓடுகளைத் தேடித் தொகுத்து ஆராய்ந்தார். பெரியபட்டினத்து ஓடுகளில் பல 13, 14-ஆம் நூற்றாண்டுகளுக்கு உரியவை. சீனாவின் லோங்சுவான் சூளைகளில் சுட்ட, பாசிப்பச்சைப் பளபளப்புடைய செலடான் வகையும் அவற்றுள் உண்டு. கங்கைகொண்ட சோழபுரத்தில் சோழர் அரண்மனை இருந்த மாளிகைமேட்டிலும் சீனப் பீங்கான் ஓடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. ஆக, ஐரோப்பாவின் மெய்சன் நகரில் 1710-இல் முதல் பீங்கான் ஆலை தொடங்குவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழ்க் கரையில் பீங்கான் இறங்கிக்கொண்டிருந்தது.

கண்ணாடியின் கதை இன்னும் பழையது. மதுரைக்குத் தென்கிழக்கே கீழடியில் கண்ணாடி மணிகள் கிடைத்திருக்கின்றன. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேடு, கண்ணாடியை உருக்கி இழுத்து மணியாக்கிக் கடல்கடந்து விற்ற ஊர். அதே அரிக்கமேட்டில் ரோமானியக் கண்ணாடிக் கிண்ணங்களின் உடைசல்களும் கிடைத்தன. மணி செய்வதில் தேர்ந்திருந்த நாட்டில், கண்ணாடிக் கிண்ணம் மட்டும் வெளியிலிருந்து வந்த அரும்பொருளாகவே இருந்திருக்கிறது.

அன்றைய பீங்கான் செய்த வேலையைப் புரிந்துகொள்ள இபின் பதூதாவின் பயண நூல் உதவுகிறது. 1340-களில் மதுரை சுல்தானியத்துக்கு வந்து சென்ற அந்த மொராக்கோ நாட்டுப் பயணி, பின்னர் கிழக்குக் கடலில் தமக்குக் கிடைத்த ஒரு பரிசைக் குறித்துவைத்திருக்கிறார்: இஞ்சி, மிளகு, எலுமிச்சை, மாங்காய் ஆகியவற்றை உப்பிட்டு நிரப்பிய நான்கு மார்த்தபான் சாடிகள். பர்மாவின் மார்த்தபான் துறைமுகத்தின் பெயரால் அறியப்பட்ட அந்தப் பளபளப்பிட்ட பெருஞ்சாடிகள் இந்தியப் பெருங்கடல் முழுவதும் போய்வந்தன. தண்ணீர், எண்ணெய், ஊறுகாய் எல்லாம் அவற்றில்தான் பயணம் செய்தன.

நம் வீட்டு ஊறுகாய்ச் சாடியும் அதே வேலையைத்தான் செய்தது. புளிப்பும் உப்பும் பித்தளையையும் செம்பையும் அரித்துக் களிம்பேற்றும். மண்பானையில் கசிவு இருக்கும். உள்ளும் புறமும் பளபளப்பு ஏற்றிய பீங்கான் சாடிக்குள் உப்பும் புளிப்பும் ஏறாது, வாசனை தங்காது. உப்பு மாங்காயையும் நார்த்தங்காயையும் போட்டு, வாய்க்கு வெள்ளைத் துணியால் வேடு கட்டி, வெயிலில் வைத்து எடுத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. அடிப்பாகம் வெண்மையாகவும் தோள்பகுதி பழுப்பாகவும் உள்ள அந்தச் சாடிதான் பெரும்பாலான தமிழ் வீடுகள் முதலில் அறிந்த பீங்கான். சீன மன்னர் காலத்துப் பூஞ்சாடியைத் தேடி அலைகிறவர், தன் வீட்டுப் பரணில் இருக்கும் இந்தச் சாடியை முதலில் இறக்கிப் பார்க்க வேண்டும்.

உண்ண ஒரு கலம், வைக்க ஒரு கலம்

பீங்கான் இவ்வளவு காலமாக வந்துகொண்டிருந்தும், தமிழர் ஏன் பீங்கான் தட்டில் சாப்பிடவில்லை? முதல் காரணம் வாழையிலை. வைகைப் பாசனத்தில் வாழை விளையும் மதுரைச் சமவெளியில், ஒருமுறை உண்டுவிட்டு எறிந்துவிடும் இலை இருக்கும்போது கழுவி அடுக்க வேண்டிய தட்டுக்கு அவசியம் வரவில்லை. தரையில் வரிசையாக அமர்ந்து, பரிமாறுகிறவர் குனிந்து வந்து வைக்கும் பந்திக்கு இலையே பொருத்தம்.

இரண்டாவது காரணம் ஆசாரம். உலோகப் பாத்திரத்தைப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்தால் தீட்டுக் கழியும். மண்ணால் ஆனதற்கு அந்தக் கழுவாய் இல்லை என்று ஆசாரக் குடும்பங்கள் கருதின. பீங்கானும் அந்தக் கணக்கில் மண்பாண்டத்தோடு சேர்ந்தது. அயலாருக்கும் வெள்ளைக்காரருக்கும் காப்பி கொடுப்பதற்கென்று தனியே இரண்டு பீங்கான் கோப்பைகள் வைத்திருந்த வீடுகள் உண்டு. இந்தத் தீட்டுக் கணக்கின் கொடிய முகம் தேநீர்க்கடைகளின் இரட்டைக் குவளை முறையில் வெளிப்பட்டது. ஒரே கடையில் தலித் மக்களுக்கு வேறு குவளை, மற்றவருக்கு வேறு குவளை என்று ஒதுக்கிய அந்த அநீதி மதுரை வட்டாரத்திலும் நடந்தது. பழைய கோப்பைகளை அழகுக்காக வரிசையாக அடுக்கும்போது, கலங்கள் மனிதரைப் பிரித்து வைக்கவும் பயன்பட்டன என்பதை மறந்துவிடக் கூடாது. பழம்பொருளை நேசிப்பதென்றால் அதன் வரலாற்றை முழுதாக ஏற்றுக்கொள்வதுதான்.

காப்பி தமிழ் நடுத்தர வர்க்கத்தின் பானமாக மாறியபோதும் இந்த மனப்பாங்கு மாறவில்லை. அந்த மாற்றத்தை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற ஆய்வில் விரிவாகப் பேசியிருக்கிறார். ஐரோப்பியர் பீங்கான் கோப்பையில் அருந்திய பானத்தை நாம் பித்தளை டம்ளர், டவராவுக்கு மாற்றிக்கொண்டோம். பீங்கான் வீட்டுக்குள் வந்தது. ஆனால் இலைக்கு எதிரே வந்து உட்காரவில்லை. அலமாரியிலும் உக்கிராண அறையிலும் அதற்கு இடம் கிடைத்தது.

ஆட்சியாளர் வீடுகளில் நிலைமை வேறு. சென்னை புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி பயன்படுத்திய பீங்கான் கலங்களும், கம்பெனி ஆற்காட்டு நவாபுக்குப் பரிசளித்த கலங்களும் காட்சிக்கு இருக்கின்றன. அவை மேசையில் பரப்பி உண்ணவும், உண்பவரின் அந்தஸ்தை எதிரில் இருப்பவருக்கு உணர்த்தவும் செய்யப்பட்டவை. அந்த மரபும் தமிழகத்தில் இருந்தது. ஆனால் அது கோட்டைக்குள்ளும் அரண்மனைக்குள்ளும் இருந்தது.

செட்டிநாட்டுக் கூடமும் அதன் வெளிச்சமும்

இந்த இரண்டு மரபுகளும் ஒரே கூரையின் கீழ்ச் சந்தித்த இடம் செட்டிநாடு. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியிருக்கும், நகரத்தார் எனப்படும் செட்டியார்களின் ஊர்களில், 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1940-கள் வரை பெருவீடுகள் எழுந்தன. பர்மா, மலேயா, இலங்கை, இந்தோசீனா நாடுகளில் வட்டித்தொழிலும் வணிகமும் செய்து ஈட்டிய பணம் பர்மாத் தேக்காகவும் இத்தாலியப் பளிங்காகவும் ஊருக்கு வந்து சேர்ந்தது. செட்டிநாட்டு ஊர்த் தொகுதி 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றது.

ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் இந்த வீடுகளில் முகப்பைக் கடந்தால் வளவு. அதைத் தாண்டி இரண்டாம் கட்டு. அதற்கும் பின்னே அடுப்படி. திருமணமும் அறுபதாம் கல்யாணமும் வீட்டிலேயே நடந்த காலத்தில், நூற்றுக்கணக்கானவர் பந்தியில் உட்கார நீண்ட சாப்பாட்டுக் கூடம் தேவைப்பட்டது. போஜன ஹால் என்று அதைச் சொல்வார்கள். மேசை நாற்காலி இல்லாத, நடுவில் வெறுமையாக விடப்பட்ட கூடம் அது. அலங்காரம் முழுவதும் சுவரிலும் கூரையிலும் தரையிலும்தான்.

இங்கே கண்ணாடி செய்த வேலையைக் கவனிக்க வேண்டும். வெயில் கொளுத்தும் ஊரில் வெளிச்சுவரில் பெரிய ஜன்னல் வைத்தால் வெப்பம் உள்ளே வரும். அதனால் வெளிச்சம் வளவின் திறந்த முற்றத்திலிருந்து வந்தாக வேண்டும். முற்றத்தில் விழும் ஒளியைப் பிடித்து உட்பகுதிக்கு அனுப்பின பெல்ஜியம் கண்ணாடிகள். தேக்குச் சட்டமிட்ட அந்தப் பெரிய நிலைக்கண்ணாடிகள் சுவரின் உயரத்தில், மேற்பகுதி சற்று முன்னே சாய்ந்திருக்கும்படி மாட்டப்பட்டிருக்கும். அப்படிச் சாய்த்தால்தான் முற்றத்து ஒளி கீழே அமர்ந்திருப்பவர்மேல் படும். எதிர்ச்சுவரில் மோதி வீணாகாது. ஜன்னல் மேல்வளைவிலும் கதவு மேல்பகுதியிலும் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் கண்ணாடிகள். நீலத்துக்குக் கோபால்ட், பச்சைக்கு இரும்பும் குரோமியமும், சிவப்புக்குச் செம்போ தங்கமோ சேர்ப்பார்கள். காலை வெயிலில் அந்த நிறங்கள் தரையில் விழுந்து நகர்வதை இன்றும் பார்க்கலாம்.

கூரையிலிருந்து சரவிளக்குகளும் வண்ணக் கண்ணாடிக் குண்டுகளும் தொங்கின. பர்மிங்காமின் ஆஸ்லர் நிறுவனம் 1840-களிலேயே கல்கத்தாவில் கடை திறந்து இந்திய மாளிகைகளுக்குச் சரவிளக்குகளை விற்றது. 1851-இல் இலண்டன் பெருங்கண்காட்சியில் முழுக்கக் கண்ணாடியால் ஒரு நீரூற்றையே நிறுத்திக் காட்டிய நிறுவனம் அது. மின்சாரம் வராத காலத்தில் ஒரு மெழுகுவத்தியின், எண்ணெய்த் திரியின் சுடரைப் பட்டை தீட்டிய கண்ணாடித் துண்டுகள் பலவாக்கிக் காட்டின. பகலில் நிலைக்கண்ணாடி செய்த வேலையை இரவில் சரவிளக்கு செய்தது.

சுவரின் கீழ்ப்பகுதியில் பல வீடுகளில் ஜப்பானிய மஜோலிகா ஓடுகள் பதித்திருக்கும். 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஜப்பானிய ஆலைகள் இந்தியச் சந்தைக்கென்றே பூவும் மயிலும் நம் தெய்வ உருவங்களும் புடைத்து நிற்கும் ஓடுகளைச் செய்து அனுப்பின. சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் கறை பட்டாலும் ஈரத்துணியால் துடைத்துவிடலாம் என்பது அவற்றின் பயன்.

தரையிலும் கண்ணாடியின் கைவண்ணம் உண்டு. காரைக்குடிக்கு அருகே ஆத்தங்குடியில் பூக்கல் செய்யும் பட்டறைக்குப் போனால் அதை நேரில் காணலாம். வழவழப்பான ஒரு கண்ணாடித் தகடு. அதன்மேல் இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூ வடிவத் தடுப்பு. கைவினைஞர் கரண்டியால் சிவப்பு, மஞ்சள், பச்சைச் சாந்தை ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் ஊற்றுகிறார். தடுப்பைத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் ஒட்டி நிற்கின்றன. அதன்மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, பிறகு சிமெண்டுக் கலவை போட்டுச் சமன்படுத்துகிறார். இறுகியபின் தண்ணீரில் ஊறவைத்து, கண்ணாடியிலிருந்து பிரித்தெடுத்தால் அந்தக் கண்ணாடியின் மினுமினுப்பு கல்லின் முகத்தில் பதிந்திருக்கும். இதற்குச் சூளையும் வேண்டாம், மெருகு இயந்திரமும் வேண்டாம். சாப்பாட்டுக் கூடத்துத் தரையில் நாம் காணும் பளபளப்பு ஒரு கண்ணாடித் தகட்டிடமிருந்து கல் பெற்றுக்கொண்டது.

மங்குச் சாமான்

பீங்கான் இந்த வீடுகளுக்குள் நுழைந்த பெருவழி திருமணச் சீர். பெண் குழந்தை பிறந்ததிலிருந்தே சாமான் சேர்க்கத் தொடங்கிவிடுவது நகரத்தார் வழக்கம். வெள்ளி, பித்தளை, வெண்கலம், மரச்சாமான், பர்மாவின் அரக்குப் பெட்டிகள் ஆகியவற்றோடு, ஆச்சிமார் மங்குச் சாமான் என்று சொல்லும் பீங்கான், எனாமல் பாத்திரங்களும் அடுக்கடுக்காகச் சேரும். திருமணத்தின்போது எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பி வைப்பார்கள். ஊரும் உறவும் வந்து பார்க்கும். பிறகு அவை அறைக்குள் போய்விடும்; விசேஷ நாள்களில் மட்டும் வெளியே வரும். பெண்ணுக்குப் பிறந்தகம் தந்த சொத்து என்பதே அவற்றின் பொருள்.

எனாமல் பாத்திரம் என்பதும் ஒருவகையில் கண்ணாடிதான். இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடித் தூளைப் பூசி, ஏறக்குறைய 800 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருக்கி ஒட்டவைக்கிறார்கள். இரும்பின் உறுதியும் கண்ணாடியின் தூய்மையும் ஒன்றாகக் கிடைக்கின்றன. ஸ்வீடன், செக்கோஸ்லோவாக்கியா, ஜப்பான் நாடுகளின் எனாமல் சாமான்கள் ரங்கூனிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் விற்றன. அங்கே தொழில் செய்த செட்டியார்கள் வாங்கி அனுப்பினார்கள். பாலேட்டு நிறத்தில் பச்சை விளிம்பிட்ட ஒரு தூக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். மூடி விளிம்பில் எனாமல் தெறித்த இடத்தில் கறுத்த இரும்பு தெரியும். கைப்பிடி உராய்ந்த இடம் மங்கியிருக்கும். பித்தளைபோல இதில் பெயர் வெட்ட முடியாது. உளி பட்டால் எனாமல் சிதறும். எனவே குடும்பத்தின் விலாசமான முதலெழுத்துகளை அடியில் வண்ணத்தால் எழுதியிருக்கிறார்களா என்று தேட வேண்டும். அந்த எழுத்துகள் இருந்தால், பெயர் தெரியாத ஒரு பாத்திரம் ஒரு குடும்பத்தின் பாத்திரமாகிவிடுகிறது.

இந்தச் செல்வம் சரிந்த கதையும் சேர்ந்தே வருகிறது. 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் பர்மிய உழவர்கள் கடனைத் திருப்ப முடியாமல் நிலத்தை இழந்தார்கள். அந்தப் பத்தாண்டின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1942-இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தபோது வணிகம் நின்றது. விடுதலை பெற்ற பர்மா 1948-இல் நில நாட்டுடைமைச் சட்டம் கொண்டுவந்தது. வருமானம் நின்ற வீடுகளைப் பராமரிக்க முடியவில்லை. பங்காளிகள் பல ஊர்களுக்கும் நாடுகளுக்கும் பிரிந்தார்கள். வீடுகள் இடிக்கப்பட்டன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் தூண், கதவு, நிலைக்கண்ணாடி, எனாமல் தூக்கு, பீங்கான் தட்டு எல்லாம் குவிந்தது இப்படித்தான். நாம் அங்கே வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால், பிரிந்துபோன ஒரு வீடு இருக்கிறது. பர்மிய உழவரின் இழப்பும் அந்தக் கணக்கில் உண்டு.

அடியைத் திருப்பிப் பார்த்தல்

பழம்பொருள் வாங்குகிறவர் முதலில் பழக வேண்டியது, கலத்தைத் தலைகீழாகத் திருப்பி அடிமுத்திரையைப் படிப்பது. 1891-இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கச் சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருள்களில் அவை உருவான நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் பொறிக்கக் கட்டாயப்படுத்தியது. அதன்பின் ஆலைகள் நாட்டின் பெயரைப் பொறிப்பது பரவியது. எனவே நாட்டின் பெயர் இருக்கும் கலம் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. ஜப்பானியப் பீங்கானில் ‘நிப்பான்’ என்றிருந்தால் ஏறக்குறைய 1891 முதல் 1921 வரை; ‘ஜப்பான்’ என்றிருந்தால் பெரும்பாலும் அதற்குப் பின்; ‘ஆக்குபைடு ஜப்பான்’ என்றிருந்தால் 1947 முதல் 1952 வரையிலான ஆக்கிரமிப்புக் காலம். இன்றும் புகழ்பெற்ற நோரிடாகே நிறுவனம் 1904-இல் தொடங்கியது. தன் முதல் முழு டின்னர் செட்டை 1914-இல்தான் செய்தது. ஆகவே அந்த நிறுவனத்தின் டின்னர் செட்டை 19-ஆம் நூற்றாண்டுப் பொருள் என்று யார் விற்றாலும் நம்ப வேண்டாம்.

‘செக்கோஸ்லோவாக்கியா’ என்ற பெயரே 1918-க்குப் பிறகு பிறந்தது. அந்த எழுத்துள்ள கண்ணாடி எதுவும் முதல் உலகப் போருக்கு முந்தியதாக இருக்க முடியாது. ஆங்கிலேயக் கலங்களில் வைர வடிவ முத்திரை இருந்தால் 1842-க்கும் 1883-க்கும் இடையே பதிவான வடிவமைப்பு. 1884 முதல் அதற்குப் பதிலாகப் பதிவு எண் வந்தது.

முத்திரை இல்லாத இடத்தில் கண்ணும் காதும் விரலும் உதவும். நல்ல பீங்கானை விளக்குக்கு முன் பிடித்தால் பின்னால் இருக்கும் விரலின் நிழல் தெரியும், மட்பீங்கானில் தெரியாது. விரல் நகத்தால் மெல்லச் சுண்டினால் கீறலில்லாத கலம் மணிபோல் ஒலிக்கும். விரிசல் விட்டது கரகரக்கும். பட்டை தீட்டிய கண்ணாடியின் விளிம்பு விரலில் கூர்மையாக உறுத்தும். அச்சில் அழுத்திச் செய்ததில் விளிம்பு மழுங்கி, பக்கவாட்டில் அச்சின் மெல்லிய கோடு ஓடும். ஈயம் கலந்த கிரிஸ்டல் கையில் கனக்கும்.

இன்றைய வீட்டுக்கு

செட்டிநாட்டுக் கூடத்தை அப்படியே பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குள் கொண்டுவர முடியாது. அந்தக் கூடங்களின் உயரமும் நீளமும் வேறு. பத்தடிக் கூரையிலிருந்து ஒரு பெரிய சரவிளக்கைத் தொங்கவிட்டால் எழுந்து நிற்பவர் தலையில் இடிக்கும். ஆனால் அவர்களின் விதி எந்த அளவு வீட்டுக்கும் பொருந்தும்.

கண்ணாடியை வெளிச்சம் வரும் பக்கத்துக்கு எதிர்ச்சுவரில் மாட்டுங்கள். மேற்பகுதியை ஓரிரு அங்குலம் முன்னே சாய்த்தால் மேசைமேல் ஒளி விழும். பழைய வண்ணக் கண்ணாடிச் சட்டம் கிடைத்தால் கிழக்கு ஜன்னலின் மேல்பகுதியில் பொருத்துங்கள். ஷோகேஸுக்குள் வைத்தால் அது செத்த பொருள். விளக்குக்கு ஒரே ஒரு பழைய கண்ணாடிக் குளோப் போதும். மங்கலான மஞ்சள் எல்.இ.டி. பல்பு போடுங்கள், வெப்பம் குறைவாக இருப்பதால் கண்ணாடி விரிசல் விடாது. தொங்கும் விளக்கு எதுவானாலும், அதன் பழைய கம்பிகளையும் கொக்கிகளையும் துருப் பார்த்து மாற்றிய பிறகே மாட்ட வேண்டும்.

பீங்கானை ஒரே இடத்தில் சேர்த்து, இடைவெளி விட்டு வையுங்கள். பத்துச் சாமான் நெருக்கியடித்து நிற்பதைவிட மூன்று சாமான் மூச்சுவிட நிற்பது நல்லது. ஊறுகாய்ச் சாடி சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் ஊறுகாயோடுதான் இருக்க வேண்டும். அதற்கு வேறு அலங்காரம் வேண்டாம். எனாமல் தூக்கில் பழம் வையுங்கள். உடைந்து ஒற்றையான கோப்பையில் கறிவேப்பிலைக் கொத்தை நிறுத்தி வைக்கலாம்.

உணவு பரிமாறுவதில் மட்டும் எச்சரிக்கை தேவை. பழைய கலங்களின் மேற்பூச்சு வண்ணங்களிலும் பளபளப்பிலும் ஈயம் இருக்கக்கூடும். புளிக்குழம்பு, ரசம், எலுமிச்சை, தயிர் போன்ற புளிப்பான உணவு அந்த ஈயத்தைக் கரைத்துக்கொள்ளும். ஈயக் கிரிஸ்டலில் சாறுகளை ஊற்றி வைப்பதும் கூடாது. நம் ஊர்ச் சமையலில் புளியில்லாத நாள் குறைவு என்பதால் இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். எனாமல் தெறித்த பாத்திரத்தில் சமைக்க வேண்டாம்.

கழுவும்போது வெந்நீரைத் திடீரென ஊற்றாதீர்கள். சாம்பலும் கம்பி நாரும் தங்கக் கோட்டை அழித்துவிடும். மென்மையான துணியும் சிறிது சோப்பும் போதும். போர்த் தண்ணீரின் உப்புப் படிந்து கண்ணாடி வெளுத்தால், தண்ணீர் கலந்த வினிகரால் துடைத்து நல்ல தண்ணீரில் அலசுங்கள். தங்க விளிம்புள்ள கலத்தை மைக்ரோவேவில் வைத்தால் பொறி பறக்கும்.

இன்னொரு செய்தி, வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்களுக்கு. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டத்தின்படி, நூறு ஆண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. ஐயம் இருந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் அது தொல்பொருள் அல்ல என்ற சான்று பெற்ற பிறகே அனுப்ப வேண்டும்.

முடிவுரை

பெரியபட்டினத்து மணலில் கிடைத்த செலடான் ஓடு முதல் ரங்கூனிலிருந்து வந்த எனாமல் தூக்கு வரை, தமிழ் வீட்டுக்குள் நுழைந்த ஒவ்வொரு கலமும் ஏதோ ஒரு வேலைக்காக வந்தது. வெளிச்சத்தைக் கூட்டவும், உப்பையும் புளிப்பையும் காக்கவும், மகளுக்குச் சொத்தாக நிற்கவும் வந்தவை அவை. ஷோகேஸில் பூட்டி வைக்கும்போது அவற்றின் விலை மட்டும் மிஞ்சுகிறது. வேலை கொடுத்தால் அவற்றின் அழகு வெளிப்படுகிறது. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீட்டை மீண்டும் நிறுவியிருக்கிறார்கள்; அலங்காரம் தொடங்குமுன் அதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

வாசகரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பழைய பீங்கானோ கண்ணாடியோ இருந்தால், அது யார் சீராக வந்தது, எந்த ஊரில் வாங்கியது, எதற்குப் பயன்பட்டது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, ஒரு சீட்டில் எழுதி அந்தக் கலத்துக்குள்ளேயே போட்டு வையுங்கள். அடிமுத்திரையோடு ஒரு புகைப்படமும் எடுத்துக்கொள்ளுங்கள். இடம் போதவில்லை என்று எடைக்குப் போடுவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். கலத்தை எந்தக் கடையிலும் வாங்கலாம். அதன் வரலாற்றை வீட்டில் இருக்கும் பெரியவர்கள் மட்டுமே சொல்ல முடியும்.